டொக்டரின் வீடு ஓ.பீ.டி. அல்ல

சொறிக்கல்முனை, சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் நாம் பதாகை கட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். நல்ல விடயம்தான். டொக்டராகி வந்த பிறகு அந்தப் பிள்ளை எப்படி வாழ்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

ஐந்து வருடப் படிப்பு. பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு பிரிவு, அடுத்த ஆறு மாதம் இன்னொரு பிரிவு. பகல் முழுக்க வாட், அதோடு இரவுக் கடமை, விடிந்தால் மீண்டும் வாட். பெருநாள், பொங்கல், நத்தார் எதுவும் விலக்கில்லை.

களைத்து வீடு வந்தால் வாசலில் நாம் ரிப்போர்ட்டோடு நிற்கிறோம். நள்ளிரவில் வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பதில் வராவிட்டால் "பெருமை பிடிச்சிட்டு" என்கிறோம். பெண் டொக்டர் என்றால் சமையலும் பிள்ளையும் அவர் தலையில்தான். ஆண் டொக்டர் என்றால் சீதனம் பேசுகிறோம்.

2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சம்பளத்தையும் வரியையும் நம்மால் மாற்ற முடியாது. வாசலில் கொடுக்கும் தொல்லையை நிறுத்தலாம்.

நெஞ்சுவலியை எந்த டொக்டராலும் போனில் பார்க்க முடியாது, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். சாதாரண வருத்தமென்றால் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

தூக்கம் கெட்ட டொக்டர் நாளை பார்க்கப் போவது நம் உம்மாவைத்தான், நம் பிள்ளையைத்தான். அவரைத் தூங்க விடுவோம்.