முதுமாணிப் பரீட்சையும் படுவான்கரைப் பட்டதாரியும்

வந்தாறுமூலையிலே 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம், வர்த்தகத்திலும் முகாமைத்துவத்திலும் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றது. உருவானவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பாரில்லை. அரசாங்க நியமனம் வரும் வரும் என்று வீட்டுத் திண்ணையிலே காத்திருப்போர் பலர். 2017ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரத்திலே வேலையற்ற பட்டதாரிகள் வெயிலென்றும் மழையென்றும் பாராது தொடர் சத்தியாக்கிரகம் இருந்ததை நாடு கண்டது. அவர்களுடைய கோரிக்கையின் நியாயத்தை நாம் அன்றும் மறுத்தோமில்லை, இன்றும் மறுக்கவில்லை. ஆயின், நியமனக் கடிதம் என்னும் ஒரே வாசலின் முன் ஒரு தலைமுறை முழுவதும் வரிசையாய் நிற்பது நம் மாவட்டத்துக்கு நன்றோ என்பதையும் கேட்டேயாக வேண்டும்.

மற்றொரு வாசல் உண்டு. வணிக நிர்வாக முதுமாணிப் படிப்பு என்பது அது. கிழக்குப் பல்கலைக்கழகமே அத்தகைய படிப்பை நடத்துகின்றது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் நடத்துகின்றன. இந்தியாவிலே திருச்சிராப்பள்ளியில் 2011ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற முகாமைத்துவக் கழகம் தொடங்கி மேனாட்டுக் கல்லூரிகள் வரை இதற்கென்றே எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கி, ஆலை, துறைமுகம், கூட்டுறவு, ஏற்றுமதி ஆகியவற்றில் முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருப்போர் பெரும்பாலும் இத்தகைய படிப்பைக் கடந்து வந்தவர்களே. இவ்வாசலிலே ஒரு காவலாள் நிற்கிறான். அனுமதிப் பரீட்சை என்பது அவன் பெயர்.

இளமாணி வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நூற்றுக்கு 40 இடத்தைத் தகுதி அடிப்படையிலும், 55 இடத்தை மாவட்ட அடிப்படையிலும், 5 இடத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்குகின்றது. மட்டக்களப்பும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. அந்த ஒதுக்கீட்டின் வரலாற்றையும், 1970களில் தரப்படுத்தல் என்ற பெயரால் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் நாம் இங்கே மீண்டும் விரிக்கப் போவதில்லை. சொல்ல வந்தது வேறு. முதுமாணி வாசலிலே மாவட்டக் கணக்கு இல்லை. வெல்லாவெளியிலிருந்து வந்தவனும் கொழும்பு கறுவாத்தோட்டத்திலிருந்து வந்தவனும் ஒரே வினாத்தாளை, ஒரே கடிகாரத்தின் கீழ், பெரும்பாலும் ஒரே மொழியில் எழுதவேண்டும். அம்மொழி ஆங்கிலம்.

இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சையைத் தமிழிலே எழுதலாம். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நம்மவர் பட்ட பாட்டுக்கும், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என எழுதி வைத்ததற்கும் அந்த அளவிலேனும் பயன் உண்டு. முகாமைத்துவக் கல்லூரிகளின் வாசலோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. வாதாடித் திறக்கக்கூடிய கதவு ஒன்று, படித்துத் திறக்க வேண்டிய கதவு ஒன்று என்று இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அரசியலுக்கும் நல்லது.

இப்பரீட்சைகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது ஜிமாற் எனப்படுவது. அமெரிக்க வணிகக் கல்லூரிகள் ஒன்பது கூடிப் பேசியதன் பயனாக 1954ஆம் ஆண்டிலே முதன்முதல் நடத்தப்பட்டது. இன்றைய பெயரை 1976ஆம் ஆண்டில் பெற்றது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அதன் வடிவம் மாற்றப்பட்டு, 2024 பெப்ரவரி முதல் புதிய வடிவம் மட்டுமே நடைமுறையில் இருக்கின்றது. இரண்டே கால் மணி நேரம், 64 வினாக்கள், மூன்று பகுதிகள். கணிதத்திலே 21, மொழியறிவிலே 23, தரவுகளை ஆராய்வதிலே 20. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்பின் என்பதே கணக்கு. 205 முதல் 805 வரை புள்ளி. கட்டுரை எழுதும் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. கேத்திர கணிதமும் நீக்கப்பட்டுவிட்டது. பழைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கி முக்கோணத்தோடு மல்லுக்கட்டும் இளைஞர்கள் இதைக் கவனிப்பார்களாக. கணிதப் பகுதியிலே கணிப்பொறியைத் தொடவும் இயலாது. கொழும்புப் பல்கலைக்கழகங்களின் உளச்சார்புப் பரீட்சைகள் அளவிலும் பெயரிலும் வேறுபட்டாலும் குணத்தில் இதற்குத் தம்பிமாரே.

குணம் எத்தகையதென ஓர் உதாரணத்தால் காட்டுவோம். கமக்காரர்கள் இப்பகுதியைத் தவறாமல் வாசிக்க வேண்டுகிறோம். நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள நெல் 1,000 கிலோ இருக்கின்றது. அதை நூற்றுக்கு 14 பங்கு ஈரம் வரும்வரை உலர்த்தினால் எஞ்சும் நிறை எவ்வளவு? ஆறு பங்கு குறைந்தது, ஆகவே 940 என்பார் பத்தில் ஒன்பது பேர். பிழை. ஈரம் நீங்கிய நெற்பொருள் 800 கிலோ. அது மாறுவதில்லை. உலர்த்திய பின் அதே 800 கிலோ மொத்த நிறையில் நூற்றுக்கு 86 பங்காகின்றது. ஆகவே எஞ்சுவது ஏறத்தாழ 930 கிலோ. இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். நின்று நிதானித்துக் கேள்வியைப் பார்க்கும் பழக்கந்தான் வேண்டும்.

இக்கணக்கு பரீட்சை மண்டபத்தோடு முடிவதுமில்லை. நெல் சந்தைப்படுத்தல் சபை உலர்ந்த நெல்லுக்கு ஈரம் 14 பங்கு என்றே எல்லை வகுத்திருக்கின்றது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலே அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என விலை நிர்ணயித்தது. களத்துமேட்டுக்கு வரும் வியாபாரி ஈரநெல்லை 105 ரூபாவுக்குக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோவுக்கு 105,000 ரூபா கைக்கு வரும். உலர்த்தி விற்றால் ஏறத்தாழ 111,600. வித்தியாசம் 6,600 ரூபா. உலர்த்தும் கூலியும், சாக்கும், ஏற்றுகூலியும், காத்திருக்கும் நாளின் கடன்வட்டியும் அந்த 6,600க்குள் அடங்குமா அடங்காதா? அடங்குமெனில் தெருவோரத்திலே படங்கு விரிப்பது இலாபம். அடங்காதெனில் வியாபாரி கேட்ட விலையே நியாயம். முகாமைத்துவம் என்று பெரிய பெயரிட்டுப் படிப்பிக்கப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கின்றது. உன்னிச்சைக் குளத்து நீரிலும் நவகிரிக் குளத்து நீரிலும் விளைந்த நெல் வேற்றிடத்து ஆலைக்குப் போய், அரிசியாகி, பொதிந்த பையிலே நம் கடைக்கே திரும்பி வருவதை ஆண்டாண்டாகப் பார்த்திருக்கிறோம். நிலமும் நீரும் உழைப்பும் நம்முடையவை. ஆலையின் கணக்கும் களஞ்சியத்தின் கணக்கும் சந்தையின் கணக்கும் பிறர் கையில் இருக்கின்றன.

தரவுப் பகுதியிலே வரும் ஒருவகை வினா நமக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. தரப்பட்ட செய்திகள் விடைகாணப் போதுமா போதாவா என்று மட்டும் கேட்பார்கள். விளைச்சல் இவ்வளவு, விலை இவ்வளவு, இலாபம் எவ்வளவு? போதாது, செலவைச் சொல்லவில்லை. தேர்தல் மேடைகளிலே கேட்கும் வாக்குறுதிகளை இவ்வினாவால் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வாக்காளரிடையே பரவுமானால் மேடைகள் பல வெறிச்சோடிப் போகும்.

மொழியறிவுப் பகுதியும் அத்தகையதே. மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் படுவான்கரையிலே கடைகள் பெருகின. ஆகவே பாலமே கடைகளைப் பெருக்கிற்று என்று ஒரு வாதத்தைத் தந்து, இதனை வலுவிழக்கச் செய்வது எது எனக் கேட்பார்கள். போர் ஓய்ந்தது காரணமாயிருக்கலாம், வெளிநாட்டுப் பணம் காரணமாயிருக்கலாம். நம் சந்தியிலே மாலை வேளைகளில் நடக்கும் விவாதங்களைக் கேட்டவர்கள், இந்த வித்தையில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதை அறிவர். இடறுவது ஆங்கில வாசிப்பு வேகத்திலே. முந்நூறு சொற்கொண்ட ஒரு பந்தியை வாசித்து, அதன் உட்கருத்தை உணர்ந்து, ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிய இரண்டொரு நிமிடமே உண்டு. மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்து வாசிப்பவனுக்கு அந்நேரம் போதாது.

ஏன் அந்த வேகம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை? 2007ஆம் ஆண்டு வரை படுவான்கரை போர்முனையாயிருந்தது. இன்று இருபத்தைந்து, முப்பது வயதிலே பட்டத்தோடு நிற்பவர்கள் அக்காலத்துக் குழந்தைகள். எழுவான்கரையிலே பிறந்தவர்களும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். அகதி முகாமிலே அரிச்சுவடி கற்றவர்களுக்கு ஆங்கில ஆசிரியரை யார் அனுப்பினார்கள்? இன்றும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையேறி வாவியைக் கடக்கும் மாணவனுக்கும், கொழும்பிலே வீட்டுமொழியாக ஆங்கிலத்தைப் பெற்றவனுக்கும் உள்ள இடைவெளியை அறிவின் இடைவெளி என்று எவரேனும் கூறுவாராயின் அதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். அது ஆயத்தத்தின் இடைவெளி. ஆயத்தம் விலைக்கு வாங்கப்படும் பொருளாகிவிட்டது. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் தலைநகரில். பஸ் கட்டணம், தங்குமிடம், வகுப்புக் கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றது. ஜிமாற் பரீட்சைக் கட்டணம் மாத்திரமே ஓர் இளம் உத்தியோகத்தரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இத்தனை புள்ளிக்கு உத்தரவாதம் என்று துண்டுப் பிரசுரம் அடிக்கும் ரியூட்டரிகளும் தோன்றிவிட்டன. உத்தரவாதம் தருபவரிடம் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று முதலிலே கேட்டுக்கொள்வது நலம்.

தமிழுக்காக வாதாடும் பத்திரிகை ஆங்கிலம் படிக்கச் சொல்லலாமா என்று சிலர் வினவக்கூடும். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனம் மட்டக்களப்பு அர்ச் மைக்கேல் கல்லூரியிலே பயின்று, ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டே, கடல் கடந்த இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குத் தாமே ஆயத்தஞ்செய்து 1920ஆம் ஆண்டில் சித்தியெய்தினார். அவரே பின்னர் சுவாமி விபுலாநந்தராகி 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். இலண்டன் பரீட்சை அவருடைய தமிழைக் குறைத்துவிட்டதா? கணிதமும் பௌதிகமும் கற்றிராத ஒருவரால் யாழின் நரம்புகளுக்குக் கணக்குக் கண்டிருக்க முடியுமா என்பது நமக்கு ஐயமே.

வென்றவர்கள் திரும்பி வருவார்களா என்பது கமக்காரப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி. கூர்மையான கேள்வி. எல்லோரும் திரும்பார். மெல்பேணிலும் ரொறன்றோவிலும் தங்கிவிடுவோர் இருப்பர். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1983ஆம் ஆண்டுக்குப் பின் இம்மண்ணிலிருந்து சென்றவர்கள் உயிருக்கு அஞ்சிச் சென்றார்கள். இவர்கள் கல்விக்கெனச் செல்வார்கள், விரும்பினால் திரும்பவும் இயலும். தவிரவும், வந்தாறுமூலையிலும் கொழும்பிலும் வார இறுதிகளிலே படிப்போர் தொழிலை விட்டுப் போகவேண்டியதில்லை. பத்துப் பேரில் மூவர் தங்கினும் ஒரு நெல்லாலையை, ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை, ஒரு பாற்பண்ணையைக் கடனில் மூழ்காமல் நடத்த அவர்கள் போதும். முதுமாணிப் பட்டம் பெற்ற யாவரும் நல்ல முகாமையாளர் ஆவர் என நாம் நம்புவதில்லை. படியாமலே ஆயிரம் ஏக்கரை ஆண்ட போடியார்களை நாம் அறிவோம். அக்காலத்துக் கணக்கு இக்காலத்து வங்கியிலே செல்லாது என்பதுதான் சங்கடம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். ஆறு மாதம் வேண்டும். சொற்பட்டியலை மனனஞ்செய்வதில் காலத்தைக் கொல்லாதீர்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தை வாசித்து, வாசித்ததைத் தமிழிலே இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். விகிதம், நூற்றுவீதம், வேகம், சராசரி என்னும் சாதாரணதரக் கணக்குகளை மீண்டும் செய்யுங்கள். விட்ட பிழைகளுக்கென ஒரு கொப்பி வைத்திருங்கள். வாரத்துக்கொரு முறை கடிகாரத்தை எதிரே வைத்து முழுப் பரீட்சையும் எழுதுங்கள். பரீட்சையை நடத்துவோரே வெளியிடும் மாதிரி வினாக்கள் இருக்க, கண்டவர் எழுதிய நகல் தாள்களை நம்பாதீர்கள்.

தனித்து இதைச் செய்ய எல்லோராலும் இயலாது. ஆகவே நாம் கேட்பது இவை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவராயினும் மாவட்டத்தின் எல்லாப் பட்டதாரிகளுக்கும் ஆறு மாத ஆயத்த வகுப்பொன்றைச் சனிக்கிழமைகளில் நடத்துக. வகுப்பின் ஒரு பிரிவு கொக்கட்டிச்சோலையிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருக்கட்டும்; வாவியைக் கடந்து வந்துதான் கற்கவேண்டும் என்ற விதி இனியும் வேண்டாம். நகரத்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் மாதத்தில் ஒரு போயா நாளை இவ்வகுப்புக்கு ஒதுக்குக. திருவிழாக் காலத்திலே ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் இலட்சக்கணக்கிற் செலவிடும் ஆலய நிருவாகங்கள் அதிலே பத்திலொரு பங்கை இரண்டு பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு மாற்றுக. கமக்காரர் அமைப்புகளும் தம் பங்குக்கு ஒரு பிள்ளையைத் தெரிந்து அனுப்பலாம். அப்பிள்ளை படித்து முடித்ததும் இரண்டாண்டு காலம் அமைப்பின் கணக்கைப் பார்த்துத் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வதிலே தவறொன்றுமில்லை.

பெரும்போக அறுவடை முடிந்து கைகள் சற்று ஓயும் மாதமே இவ்வகுப்பைத் தொடங்க ஏற்றது. தேதியையும் இடத்தையும் பல்கலைக்கழகம் அறிவிக்குமாயின் அவ்வறிவித்தலை இப்பத்திரிகை கட்டணமின்றி முதற்பக்கத்தில் வெளியிடும்.