மணலுக்கு வழி விடுங்கள்

'வளர்ச்சிக்கு விரோதி' என்று ஒரு பட்டம் இருக்கிறது. அதை வாங்கப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. கடலோரத்தில் ஒன்றைக் கட்டப் போகிறோம் என்று சர்க்கார் அறிவிக்கும்போது, "கட்டினால் மணல் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். புதுச்சேரியில் இந்தப் பட்டத்தைச் சுமந்தவர்கள் பலர்: மீனவர்கள், படித்தவர்கள், கடற்கரைக்கு வந்து காற்று வாங்குவதைத் தவிர வேறு ஆசை இல்லாத சாதாரண ஜனங்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் கட்டியவர்கள்தாம் ஊருக்கு விரோதம் செய்தவர்கள்.

இன்று காந்தி சிலையருகே வந்து நிற்கும் வெளியூர்க்காரர், இந்த ஊரின் கரையே கருங்கல்தான் என்று எண்ணிக்கொண்டு போகிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கற்கள் லாரியில் வந்தவை. அவை கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில் மணல் கிடந்தது, குழந்தைகள் ஓடின, கட்டுமரங்கள் ஏறி நின்றன.

மணல் எங்கே போயிற்று? நம் கிழக்குக் கரையில் மணல் ஒரு வழிப்போக்கன். தென்றல் காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்து அலைகள் கொஞ்சம் தெற்கே திருப்புகின்றன. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். தெற்கேயிருந்து வரவு, வடக்கே செலவு. வரவு நிற்காதவரையில் கரையும் நிற்கும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1866-ல், கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று இங்கே திறக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டுப் புயல் அதைக் கொண்டுபோயிற்று. 1962-ல் வேறொன்று எழுந்தது. அதிலும் ஒரு பகுதி 2022-ல் இடிந்து விழுந்தது. இரண்டும் கால் ஊன்றி நின்ற பாலங்கள். கால்களுக்கு நடுவே அலையும் போயிற்று, மணலும் போயிற்று. ஆனால் 1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டியபோது, கடலுக்குள் கல்லால் அலைத்தடுப்புச் சுவர்கள் போட்டார்கள். வழிப்போக்கனின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே ஊர் தேய்ந்தது.

வயிறெரிய வைப்பது எது தெரியுமா? இப்படி ஆகும் என்பது திட்டம் போட்டவர்களுக்கே தெரியும்! தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விடுவதற்கும் அந்தத் திட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. சுவர் வந்தது. மணலைக் கடத்திவிடும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. மருந்துச் சீட்டின் முதல் வரியை மட்டும் படித்தால் நோயாளி என்ன ஆவான்?

பிறகு கல் கொட்டினார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தக் கல் நகரைக் காத்தது என்பார்கள். வாஸ்தவமாகவே இருக்கட்டும். ஆனால் கல்லின்மேல் கட்டுமரம் ஏற்ற முடியுமா? கரைவலை இழுக்க முடியுமா? குருசுக்குப்பத்துக்காரனும் வைத்திக்குப்பத்துக்காரனும் கருவாட்டை எங்கே காயப் போடுவார்கள்? அரிப்பாவது நின்றதா? கல் முடிந்த இடத்திலிருந்து வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாகப் போயிற்று. அவை தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவை. துறைமுகம் ஒரு சர்க்காருடையது, இடிந்த வீடு இன்னொரு சர்க்காருடையது! கடலுக்கு இந்த எல்லைக்கல் தெரியவில்லை. கோப்புகளுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இது புதுப் பாடமும் அன்று. 1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. மெரினாவில் சுண்டல் தின்னும் நாம், அந்த மணல் யார் வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டியது என்று என்றைக்காவது கேட்டோமா? நூறு வருஷத்துக்கு மேல் கண்ணெதிரே கிடந்த இந்தச் சாட்சியைப் பார்க்காமல்தான் புதுச்சேரியில் கல் போட்டார்கள்.

2006-ல் அதே முகத்துவாரத்தில் இன்னும் பெரிய ஆழ்கடல் துறைமுகத்துக்குத் தனியாரோடு ஒப்பந்தம் செய்தார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அந்தத் துறைமுகம் எழும்பவில்லை. 'முன்னேற்றம் போச்சு' என்று அங்கலாய்த்தவர்களைக் கேட்கிறேன்: சின்னத் துறைமுகம் தின்றதைத் திருப்பிக் கொடுக்காதவர்கள், பெரிய துறைமுகத்துக்கு எந்த முகத்தோடு கை நீட்டினார்கள்?

கெட்டது திருந்தாதா என்றால், திருந்தும். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை 1960-களில் நீட்டியதும் வடக்கேயுள்ள கோல்ட் கோஸ்ட் கரைகள் கரைந்தன. 2001 முதல் தேங்கும் மணலை இறைத்துக் குழாய் வழியே மறுபக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரிலேயே, 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஒரு திட்டு அமைத்தார்கள். அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. வந்த மணலைப் பார்க்க ஜனங்கள் திருவிழா மாதிரி கூடினார்கள். இவர்களா வளர்ச்சிக்கு விரோதிகள்?

ஆகையால் கேட்பது இதுதான். தடுத்த மணலை ஆண்டுதோறும் தவறாமல் வடக்கே கடத்துங்கள். அதன் கணக்கை ஊரறிய வெளியிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடிழந்தவனையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அது நடக்கும்வரை இந்தக் கரையில் புதிதாக ஒரு கல்லும் விழக்கூடாது. பட்டம் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். முதலில் மணலைக் கொடுக்கட்டும்.