சிறகில்லாத தூதன்



கருவடிக்குப்பத்தில் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிப் படங்களில் காபிரியேல் தூதனுக்கு வெண்சிறகு தவறாமல் இருக்கும். மரியாளுக்கு நீல ஆடை. ஆனால் லூக்கா முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தூதனின் உருவத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

1898-இல் ஹென்றி ஒசாவா டேனர் இக்காட்சியை வரைந்தார். அமெரிக்கக் கறுப்பின மெதடிஸ்ட் பேராயர் ஒருவரின் மகன் அவர். முந்தைய ஆண்டுதான் பாலஸ்தீனத்தை நேரில் கண்டு திரும்பியிருந்தார். இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவ்வோவியத்தில், தூதன் நிற்க வேண்டிய இடத்தில் பொன்னிறமான ஒளித்தூண் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. கலைந்த படுக்கையின்மேல் கோடிட்ட எளிய அங்கியோடு ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். அங்கியின் கீழே வெறுங்கால் விரல்கள் தெரிகின்றன.

சிறகில்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தூதன் என்று எப்படிப் புரியும் என்பீர்கள். நியாயமான கேள்வியே. (துய்மா வீதியில் 1855-இல் எழுந்த கோயிலைச் சம்மனசுகளின் பெயரால் அழைக்கும் ஊர் அல்லவா நம்முடையது!) ஆயினும் சிறகை வரைந்தவுடன் நம் கண் தூதனிடமே நின்றுவிடுகிறது. டேனரின் ஒளியோ மரியாளின் முகத்தைக் காட்டுகிறது. அம்முகத்தில் பரவசத்தைத் தேடாதீர்கள். தலையைச் சற்றே சாய்த்து, கைகளைக் கோத்து, கேட்டதை எடைபோடுகிறாள். அவள் வார்த்தையினால் கலங்கினாள் என்றே லூக்காவும் எழுதுகிறார். மணமாகாத கன்னிகை. சம்மதித்தால் ஊரார் என்ன சொல்வார்கள், யோசேப்பு என்ன செய்வான்? அந்த ஒளி இதற்கு விடை சொல்லவில்லை. "ஆகட்டும்" என்று அவள் இன்னும் சொல்லாத நொடியிலேயே ஓவியர் தூரிகையை நிறுத்திவிடுகிறார்.