கருவிகளை விலக்கிய பாட்டு
வாத்தியத் துணையின்றிக் குரல்களை மட்டும் அடுக்கிப் பாடும் ‘அ கப்பெல்லா’ முறை, மின்கிதாரையும் டிரம்ஸையும் நம்பி வளர்ந்த ராக் இசைக்குப் புறம்பானது என்னும் எண்ணம், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் ‘டீப்வுட்ஸ்’ போன்ற விழாக்களுக்காகக் குழு அமைக்கும் மாணவரிடம் இருக்குமாயின், அதைக் களைவதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. திரைப்பட இசையமைப்பாளர் ஆகுமுன் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவில் இயங்கிய ஏ.ஆர்.ரகுமான், 1993இல் வெளிவந்த ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாடலில் இசைக்கருவிகளை ஏறத்தாழ முற்றிலும் விலக்கி, சாகுல் ஹமீதின் மண்வாசனை மிக்க குரலுக்கு அடியில் குழுக்குரல்களின் ஒத்திசைவை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் வெவ்வேறு சுரங்களின் இணைவை, விரித்தார். சுருதி இம்மியளவு விலகினாலும் மறைக்க இடந்தராத இம்முறையில், பாடகரின் மூச்சே காலப்பிரமாணத்தைத் தாங்குகிறது. ஒலிபெருக்கி முழக்கத்திலேயே பழகிய இளங்குழுக்கள், ஒருவர் குரலை மற்றவர் உன்னிக் கேட்கும் பயிற்சியை இதனினும் சிறப்பாக வேறெங்கும் பெற இயலாது.