கால் அளவில் ஒரு வாபிட்டி

வெஸ்ட்லாண்ட் வாபிட்டி விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 14.15 மீட்டர், மூக்கிலிருந்து வால் வரை 9.65 மீட்டர். நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை மூன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், உடம்பு இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் பின்கொட்டகையில் அந்த அளவில் ஒரு வாபிட்டி உருவாகிக்கொண்டிருக்கிறது. இது பறக்கப்போவதில்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்கப்போகிறது. பறக்காது என்பதற்காக எதையும் ஒப்புக்குச் செய்யக் கூடாது என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பிதான் இருக்கும். விமானி அறையில் விரல் நீளத்துக்கு இருக்கும் கைப்பிடியைச் சாய்த்தால் இறக்கையின் ஓரப்பலகை அசைந்தாக வேண்டும்.

ஏன் வாபிட்டி? இந்திய விமானப்படை பிறந்தது இந்த விமானத்தோடுதான். 1932 அக்டோபர் 8-இல் படை சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சி ட்ரிக் ரோடு தளத்தில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது கையிலிருந்தவை நான்கு வாபிட்டிகள். இங்கிலாந்தில் பயிற்சி முடித்து வந்த ஒருசில இந்திய அதிகாரிகள், அவர்களோடு 'ஹவாய் சிப்பாய்' (வான் சிப்பாய்) என்று அழைக்கப்பட்ட 19 தரைப் பணியாளர்கள். ஒரு நாட்டின் விமானப்படை அவ்வளவுதான். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 3-இல், பீகாரின் பூர்ணியா பக்கத்திலிருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள் முதன்முதலாக எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே பறந்தன. அவற்றில் ஒன்றான வாலஸ், வாபிட்டியின் வழிவந்தது. அந்த வாரம் இந்த விமானக் குடும்பத்துக்கு நல்ல வாரம்.

விமானிகளின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும். சுப்ரோதோ முகர்ஜி 1954-இல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார். அவரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்த 19 பேரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எஞ்சினைப் பார்ப்பவர் ஃபிட்டர், உடம்பையும் இறக்கையையும் பார்ப்பவர் ரிக்கர். காலையில் விமானம் கிளம்புவதற்கு முன்பு ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்தான். ரிக்கர் கை வைக்காத விமானத்தில் எந்த விமானியும் ஏறமாட்டார்.

அந்தக் காலத்து ஹவாய் சிப்பாய்களில் ஒருவரை மட்டும் நாடு கொஞ்சம் நினைவில் வைத்திருக்கிறது. ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் பொறியியல் படித்தவர், அதிகாரியாகக்கூடிய தகுதியோடு வந்து சிப்பாயாகவே சேர்ந்தவர். கைகளில் கிரீஸோடு தொடங்கி ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார். கான்பூரில் ஆவ்ரோ 748 விமானத்தை இந்தியக் கைகளால் கட்ட முடியும் என்று நின்று சாதித்தவர் அவர். அங்கே கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ 1961 நவம்பரில் பறந்தது. அதற்கு வைத்த பெயர் சுப்ரோதோ. முந்தைய ஆண்டு டோக்கியோவில் காலமான முகர்ஜியின் பெயர். வாபிட்டியை ஓட்டியவரின் பெயரைத் தாங்கிய விமானத்தை, வாபிட்டிக்குக் கம்பி முறுக்கியவர் கட்டினார். இந்திய விமான வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த செய்தி வேறில்லை. பட்டறைச் சுவரில் நாங்கள் மாட்டியிருப்பதும் ஹர்ஜிந்தரின் படத்தைத்தான்.

இந்தக் கால் அளவு வாபிட்டியை நாமக்கல்லில் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் விமானம் கட்டிய முதல் கைகள் வண்டி கட்டிய கைகள். 1910-இல் மெட்ராஸ் மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ தாஞ்சலிஸ் தனக்கென்று ஓர் இருதள விமானத்தை வடிவமைத்தார். கட்டிக்கொடுத்தது சிம்சன் கம்பெனி; குதிரைக் கோச்சு கட்டிப் பெயரெடுத்த நிறுவனம். அந்த மார்ச்சில் பல்லாவரத்தில் அது தரையை விட்டு எழும்பியது. ரைட் சகோதரர்கள் முதலில் பறந்து அப்போது ஏழு ஆண்டுகூட முடியவில்லை. மரத்தை வளைக்கவும் இரும்புப் பட்டை அடிக்கவும் குலுங்குகிற வண்டியில் மூட்டு கழலாமல் பிடிக்கவும் தெரிந்தவர்கள் சிம்சனில் இருந்தார்கள், அதனால் முடிந்தது. அந்தத் திறமை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பட்டறை பட்டறையாக இருக்கிறது என்று நான் சொல்வேன். சேசிஸ் மட்டும் வந்து நிற்கும் வண்டிக்கு உடம்பு கொடுத்து அனுப்பும் ஊர் இது.

வாபிட்டியின் கதையும் இந்த ஊர்க்கதையும் ஓரிடத்தில் ஒட்டிப் போகின்றன. முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனிடம் டிஹெச் 9ஏ விமானத்தின் உதிரிபாகங்கள் கிடங்கு கிடங்காக மிஞ்சின. புதிய விமானம் வேண்டும், ஆனால் பழைய பாகங்களை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும் என்பது அரசாங்கம் போட்ட நிபந்தனை. வெஸ்ட்லாண்ட் அதற்கேற்ப வடிவமைத்ததுதான் வாபிட்டி. 1927 மார்ச்சில் முதலில் பறந்தது. முதல் வகையில் இறக்கையும் உடம்பின் பின்பாதியும் மரம். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற நாடுகளில் மரம் முறுக்கிக்கொள்ளும், கேசீன் என்கிற பால் பசை விட்டுக்கொடுத்துவிடும். இந்தியாவுக்கு வந்த 2ஏ வகையில் எலும்புக்கூடு முழுக்க உலோகமானது, மேலே துணி மட்டும் தங்கியது. நாமக்கல் கேபினும் மரத்தில் தொடங்கி, தகரம் போர்த்திய மரமாகி, இன்று முழு இரும்பாகிவிட்டது. கம்பெனியே கேபின் போட்டு அனுப்பும் வண்டிகள் பெருகியதில் பல ஆசாரிகளுக்கு வேலை குறைந்தும் போனது. எங்கள் மேஸ்திரி மரக் கேபின் கட்டிய தலைமுறை. இறக்கையின் விலா எலும்புகளுக்கு மலைவேம்பு எடுக்கலாம் என்று சொன்னவர் அவர். எடை குறைவு, இழை நேர், இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலேயே கிடைக்கிறது. உடம்புக்கு அலுமினிய ஸ்கொயர் பைப். மூட்டுக்கு மூட்டு தகடு வைத்து ரிவெட். அசல் 2ஏ-வில் விலாவும் உலோகம்தான். அந்த ஓர் இடத்தில் மட்டும், கால் அளவுக்கு உலோகம் கனக்கும் என்பதால், முதல் வகையின் மரத்துக்குத் திரும்பிக்கொண்டோம்.

கம்பி கட்டத் தொடங்கிய அன்று நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. இருதள விமானத்தில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே தூண்கள், தூணுக்குத் தூண் குறுக்கே கம்பிகள். வாபிட்டியில் பக்கத்துக்கு இரண்டு கட்டம்.

"இத்தன கம்பி எதுக்குங்க தம்பி? ஆங்கிள் ஒண்ணு அடிச்சுட்டா போதாதுங்களா?" என்றார் மேஸ்திரி.

"எடை ஏறிடுமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். உடம்பின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக மேலே ஏறும் கம்பி ஒன்று. உடம்பின் மேலிருந்து வெளிப்பக்கமாகக் கீழே இறங்கும் கம்பி இன்னொன்று. வானத்தில் இருக்கும்போது காற்று இறக்கையைத் தூக்கும். உடம்பு கனத்தால் கீழே இழுக்கும். அப்போது முதல் கம்பி விறைக்கும். தரையில் நிற்கும்போது இறக்கை தன் கனத்தால் தொங்கப் பார்க்கும். அப்போது இரண்டாவது கம்பி தாங்கும்.

அவர் குந்தி உட்கார்ந்து படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மேல போறப்ப இது இழுக்கோணும், கீழ நிக்கறப்ப அது தாங்கோணும். ஒண்ண மட்டும் முறுக்குனா இறக்கை திருகிக்குமுங்க. ரெண்டையும் சேத்துத்தான் முறுக்கோணும்."

ரிக்கர் பயிற்சியில் சொல்லித்தருவதும் இதைத்தான். ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்க்கம்பியைக் கவனி. இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகப் போ. அதற்கு அவர்கள் வைத்திருந்த கருவிகளும் நம் ஆசாரியின் பெட்டியில் இருப்பவைதான்: தூக்குக்குண்டு, ரசமட்டம், நேர்ச்சட்டம், கோணமானி. மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கீழ் இறக்கை அதிலிருந்து எவ்வளவு பின்வாங்கி நிற்கிறது என்று அளப்பார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் அந்த அளவு ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே பறக்கும். விமானி கை ஓயும் வரை அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மேஸ்திரி அந்த அளவை எடுக்கும்போது பட்டறை மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிடுவார், குண்டு ஆடக் கூடாது என்று.

துணி வேலைக்கு வந்தவர் லாரி சீட் தைக்கிற குஷன் கடைக்காரர். அசல் விமானத்துக்கு அயர்லாந்து லினன். எங்களுக்குப் பள்ளிபாளையம் விசைத்தறியில் ஓடிய மெல்லிய காடாத் துணி. துணியைப் பசை போட்டு ஒட்டினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். இறக்கையைத் தூக்குவதில் பெரும்பங்கு மேற்பரப்பில் உண்டாகும் உறிஞ்சலுக்கு. அந்த உறிஞ்சல் துணியை விலா எலும்பிலிருந்து பிய்க்கப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு விலாவோடும் துணியை மெழுகு நூலால் சேர்த்துத் தைத்து, தையலுக்கு ஒரு முடிச்சு போட்டு, மேலே நாடா ஒட்டுவார்கள். ஒரு முடிச்சு அறுந்தாலும் அடுத்தது நிற்கும். நீண்ட ஊசியை மேலிருந்து குத்திக் கீழே வாங்கித் திரும்ப மேலே அனுப்பும் அந்த வேலையை அவர் ஒரே சீராகச் செய்தார். அளவுகோலே வைக்கவில்லை, பெருவிரல்தான் அளவு.

அதன்பின் டோப். நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்த திரவம். துணியில் தடவினால் காயக் காயத் துணி சுருங்கி விறைக்கும். கை கையாகக் கூட்டிக்கொண்டே போனால், விரலால் சுண்டும்போது தவில் மாதிரி ஒலிக்கும். இதில் நாமக்கல்லுக்கு ஒன்றும் புதிதில்லை. லாரிக்கு அடித்துவந்த பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் இதற்குப் பங்காளி. தின்னர் எவ்வளவு, ஈரக்காற்றில் பூத்துப்போகாமல் எந்த நேரத்தில் அடிப்பது என்பதெல்லாம் மூத்த பெயின்டருக்கு அத்துபடி. சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் டோப் அடிக்கிற அன்று பட்டறையில் வெல்டிங் கிடையாது. கடைசிக் கைகளில் அலுமினியத் தூள் கலக்க வேண்டும். வாபிட்டி வெள்ளி நிறமாக இருந்தது அழகுக்காக அல்ல. வெயில் துணியை மக்கச் செய்யும், அந்தத் தூள் வெயிலைத் தடுக்கும்.

இது போர் விமானம். அதை மறைத்துப் பள்ளிக்கூடத்தில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வடமேற்கு எல்லையில் வாபிட்டிகள் செய்த வேலை, பேரரசுக்குப் பணியாத பழங்குடிகளின் கிராமங்கள்மேல் குண்டு போட்டது. 1937-இல் மீரான்ஷாவிலிருந்து நம் முதல் ஸ்குவாட்ரனும் அந்த வேலைக்குத்தான் பறந்தது. மண்வீடுகள், ஆட்டு மந்தைகள், மேலே இரண்டு இறக்கை விமானம். குண்டு மாட்டும் சட்டத்தைக் கீழ் இறக்கைக்கு அடியில் அப்படியே வைக்கப்போகிறோம், அது எதற்கென்று பலகையில் தமிழில் எழுதியும் வைப்போம். கைத்திறனை மதிப்பது வேறு, அந்தக் கைத்திறனை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பது வேறு. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பழகட்டும்.

வாபிட்டிகள் 500-க்கும் மேல் கட்டப்பட்டன. இன்று உலகத்தில் முழுதாக மிஞ்சியிருப்பது ஒன்று, டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில். அதைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கு இந்த நாடு கடமைப்பட்டிருக்கிறது. பிகானேர் கோட்டையில் நேர்ந்தது வேறு. அங்கே யானைக் கொட்டடியில் டிஹெச் 9 விமானங்களின் எலும்புக்கூடுகள் கிடந்தன. அவற்றின் மதிப்பைக் கண்டுகொண்டு வாங்கிப்போய் வருடக்கணக்காக உழைத்துச் செப்பனிட்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஒன்று இப்போது டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்றை அவர்கள் பறக்கவே வைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதைதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஆசாரியும் டிங்கரும் குஷன்காரரும் நம்மிடம் இல்லையா? இருக்கிறார்கள். கூப்பிட ஆளில்லை. 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியில் சேலமும் ஒரு மையம். அந்தத் திட்டத்தின் பயிற்சி வகுப்புகளில் என்னென்னவோ சொல்லித்தரட்டும். இறக்கைக்குக் கம்பி முறுக்கத் தெரிந்த ஒரு மேஸ்திரியையும் வகுப்பெடுக்க அழைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இப்போது மிச்சமிருப்பது எஞ்சின். பிரிஸ்டல் ஜூபிடர், வட்டமாக ஒன்பது சிலிண்டர், மூடியில்லாமல் காற்றுக்கு வெளியே தெரிவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் குளிர்விக்கும் செதில்கள் இருக்கின்றன; அலுமினியத் தண்டிலிருந்து லேத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்க வேண்டும். லேத்துக்காரர் இரண்டு சிலிண்டர் முடித்துக் காட்டியிருக்கிறார். செதில்களுக்கு இடையே இடைவெளி பிசகவில்லை.

இன்னொன்றை முடிவு செய்யாமல் வைத்திருக்கிறோம்: எந்த வாபிட்டியின் எண்ணை உடம்பில் எழுதுவது என்பது. கராச்சி விமானங்களில் ஒன்றின் எண்ணை எழுதிவிடலாம், படங்கள் உண்டு. ஆனால் 1939-இல் போர் மூண்ட பிறகு கடலோரக் காவலுக்கென்று இந்திய விமானப்படையின் தன்னார்வப் பிரிவுகள் அமைக்கப்பட்டபோது, முதல் பிரிவு மெட்ராஸுக்கு வந்தது. அதன் கையிலும் வாபிட்டிதான் இருந்தது. வங்கக் கடலுக்கு மேலே கப்பல்களுக்குத் துணையாகப் பறந்த அந்த விமானங்களில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று மேஸ்திரி சொல்கிறார், எனக்கும் அதுவே விருப்பம். அந்தப் பிரிவில் ஃபிட்டராகவோ ரிக்கராகவோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சேலம், நாமக்கல் பக்கத்திலோ வேறெங்கோ இருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு படம், ஒரு சேவைப் புத்தகம், விமானத்தின் பக்கவாட்டு எண் தெரிகிற எதுவாக இருந்தாலும், இதழ் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். படத்தை நகலெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். அதில் நிற்பவரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். விமானத்தின் பக்கத்தில் வைக்கும் பலகையில் விமானியின் பெயருக்கு மேலே அந்தப் பெயர் வரும்.