கடன்பட்டவன் வேறு, பொய்யன் வேறு

பொறுப்பான பணியில் ஒருவரை அமர்த்துமுன் ஆராய வேண்டியவற்றை வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் வகுத்தார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கே அவர்தம் உரைகற்கள். பொருளுக்கு மயங்குவானா என்பதே அவர் வினா; பொருளற்றவனா என்பதன்று. இவ்வேறுபாடு இன்று மங்கி வருகிறதோ என ஐயுறுகிறோம்.

பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அதிகாரிப் பணி அறிவிப்பில் ஒரு விதி இருந்தது. கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியவர்களும், சிபில் அறிக்கையில் பாதகமான பதிவு உடையவர்களும் தகுதியற்றவர்கள் என்றது அது. அவ்விதியால் நியமனம் இழந்த ஒருவர், கடன்களை முன்பே அடைத்துவிட்டதாக வாதிட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்வோருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்றது. விதி அவ்வாறிருக்கத் தீர்ப்பை நாம் குறை கூறோம். விதியையே வினவுகிறோம்.

திருப்பூரில் கற்பிக்கும் நமக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011 ஜனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலைக் காக்க அது வேண்டியதே; ஆயினும் சனிக்கிழமைச் சம்பளம் நின்ற வீடுகளில் கடன் தவணையும் நின்றது. 2016இன் பணமதிப்பிழப்பு, 2020இன் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரி என அடிகள் தொடர்ந்தன. கல்விக் கடனில் மாணவரே கடனாளி. பெற்றோர் இணைக் கடனாளி. ஆர்டர் நின்று தந்தை தவணை தவறினால், கறை மகள் பெயரிலும் படிகிறது. இதில் அவள் செய்த பிழை யாது?

அரசு இரகசியங்களைக் கையாள்வோருக்கு அமெரிக்கா 2017இல் நடைமுறைப்படுத்திய நெறிகளும் கடனை ஐயத்தோடுதான் நோக்குகின்றன. நெருக்கடியில் உள்ளவர் விலைபோகக் கூடும் என்ற அச்சமே காரணம். எனினும் வேலையிழப்பு, தொழில் நலிவு, நோய் போன்ற கைமீறிய காரணங்களால் வந்த கடனா, அடைக்க நேர்மையாக முயன்றாரா என்பவற்றையும் எடைபோடச் சொல்கின்றன. வேண்டுமென்றே உண்மையை மறைத்தலைத் தனிக் குற்றமாகவே வைத்துள்ளன.

நம் நாட்டிலும் இத்தகைய நிதானம் உண்டு. பணியில் சேர்வோர் தம்மீதான வழக்குகளை மறைக்கலாகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. ஆயினும் இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருப்பின், அதைப் பொறுத்தருள நியமிப்பவருக்கு இடமுண்டு என்றும் கூறியது. மறைப்புக்கே எடை பார்க்க இடமுண்டெனில், மறைக்காத கடனுக்கு ஏன் இல்லை?

வங்கிகள் சிபில் பதிவைப் பார்க்கட்டும். பார்த்தபின் ஏன் என்று ஒரு சொல் கேட்கட்டும். அதற்கு ஆவணத்தோடு விடையளிக்க விண்ணப்பதாரருக்கு வாய்ப்புத் தரட்டும். நம் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: கடனை அஞ்சிப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். கடன் அடைந்து தீரும். பொய் அவ்வாறு தீர்வதில்லை.