டிரான்ஸ்பரன்ட்னா கண்ணுல படாதுன்னு அர்த்தமாம்!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுட்டிருந்த விஷயம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வெளியில நல்ல மழை, வீட்டம்மாவும் பசங்களும் ஊருக்குப் போயிருக்காங்க. எழுதித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்தாச்சு.

முன்னாடியே சொல்லிடறேன், நான் பொட்டி தட்டுற ஆள் இல்லை. பி.காம். முடிச்சு, வங்கிப் பரீட்சை எழுதி, புரமோஷனோட டிரான்ஸ்ஃபரும் சேர்த்து வாங்கிக்கிட்டு ஹவுராவுக்கு வந்தவன். கெர்னல்னா பெரிய மீசை வச்ச ராணுவ அதிகாரிதானேன்னு கேட்ட ரகம். என்னையே அதைப் பத்திப் படிக்க வச்சுட்டாங்கன்னா எவ்வளவு பாடு படுத்தியிருப்பாங்கன்னு பார்த்துக்கோங்க.

கதை 2014-ல ஆரம்பிக்குது. மாசத்தோட முதல் வாரம். சணல் மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க, புருஷனை இழந்தவங்கன்னு எங்க கிளை வாசல்ல பென்ஷன் கூட்டம் நிக்கும். கவுன்ட்டர்ல கணக்கு நம்பரைத் தட்டினா திரை அப்படியே உறைஞ்சு போகும். பத்து செகண்டு, இருபது செகண்டு, சில சமயம் அரை நிமிஷம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மறுபடி உறையும். நான் வெளியில வந்து, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை வங்காளத்துல "லிங்க் நேய் மாஷிமா, எக்டு போஷுன்"னு கெஞ்சுவேன். லிங்க் இல்லை, கொஞ்சம் உட்காருங்க. ஷிப்பூர்ல இருந்து நடந்தே வர்ற ஒரு அம்மா ஒருநாள் கேட்டாங்க: "எங்க நாள்ல மட்டும் உங்க லிங்க் எங்கப்பா போயிடுது?"

பதில் இல்லை என்கிட்ட.

புகார் எழுதினேன். மென்பொருள்காரங்க நெட்வொர்க்குன்னாங்க. நெட்வொர்க்காரங்க எங்க பக்கம் எல்லாம் பச்சை விளக்குன்னாங்க. மூணு மாசம் இப்படியே பந்தாட்டம். கடைசியா ஒரு ராத்திரி, வட்டார அலுவலகத்துல வேற வேலையா உட்கார்ந்திருந்தப்ப, ஒரு சின்னப் பையன், எஞ்சினியர், திரையைத் திருப்பிக் காட்டினான். எங்க மென்பொருள் ஓடற விர்ச்சுவல் மெஷின்ல, ப்ராசஸரோட நேரத்துல பெரும்பங்கை கெர்னலே தின்னுக்கிட்டு இருக்கு. "டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ், தாதா. ஆன்ல இருக்கு." யாருப்பா ஆன் பண்ணினதுன்னு கேட்டேன். "யாரும் பண்ணலை. டிஃபால்ட்டே அதுதான்."

இந்த 'யாரும் பண்ணலை'தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நினைவகத்தை கெர்னல் 4 கேபி அளவுள்ள பக்கங்களா வெட்டித்தான் குடுக்கும். எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கிளைகள்ல லெட்ஜர் இருந்ததே, அந்த மாதிரி. அடிக்கடி வர்ற வாடிக்கையாளரோட ஃபோலியோ நம்பர் கிளார்க்குக்கு மனப்பாடம். ப்ராசஸர்ல அந்த மனப்பாடத்துக்கு டி.எல்.பி.ன்னு பேர். மனப்பாடத்துல இல்லேன்னா இண்டெக்ஸைப் புரட்டணும். அந்த இண்டெக்ஸ்ல 4 படி.

விர்ச்சுவல் மெஷின்ல வந்துட்டா கதை மாறுது. கெஸ்ட் தன்னோட ஃபோலியோன்னு நம்பறதே நிஜ ஃபோலியோ இல்லை. அதோட ஒவ்வொரு படிக்கும் ஹோஸ்ட் அட்டவணையில இன்னொரு 4 படி ஏறணும், கடைசி முகவரிக்கு மறுபடி ஒரு 4. கணக்கு போடுங்க: 4 + 16 + 4 = 24. ஒரே ஒரு முகவரிக்கு! அதுவே ரெண்டு பக்கமும் 2 எம்பி பக்கமா இருந்தா 3 + 9 + 3 = 15. அதுமட்டுமில்லை, மனப்பாடத்துல ஒரு வரி இருந்தா பழைய 512 பக்கத்துக்குச் சமம். ஆக பெரிய பக்கம்கிறது நிஜமாவே நல்ல விஷயம். இதுல எனக்குச் சண்டையே இல்லை.

இது எங்கிருந்து வந்ததுன்னும் பார்த்துடுவோம். கே.வி.எம். 2007 பிப்ரவரியில, 2.6.20 பதிப்புல லினக்ஸுக்குள்ள வந்தது. எழுதினது கும்ரானெட்ங்கிற இஸ்ரேல் கம்பெனி. 2008-ல ரெட் ஹேட் அதை வாங்கிடுச்சு. ஹியூஜ் பேஜ் அதுக்கு முன்னாடியே உண்டு, ஆனா நிர்வாகி முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும். அந்தத் தொல்லையே வேண்டாம், கெர்னல் தானாவே பார்த்துக்கட்டும்னு ரெட் ஹேட்ல இருந்த ஆந்த்ரேயா ஆர்காஞ்செலி எழுதினதுதான் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ். 2011 மார்ச்ல 2.6.38-ல சேர்ந்தது. ரெட் ஹேட் தன்னோட 6-வது பதிப்புல 2010 நவம்பர்லயே குடுத்துடுச்சு.

சரி, உறையறது ஏன்? எங்க கேஷியரை வச்சே சொல்றேன். 100 நோட்டு சேர்ந்தா ஒரு பாக்கெட். சாயங்காலம் கவுன்ட்டரை மூடிட்டு, சில்லறையா கிடக்கற நோட்டைப் பொறுக்கி பாக்கெட் கட்டுவார். அது ஒழுங்கு. அதையே காலையில 11 மணிக்கு, முன்னாடி நாப்பது பேர் நிக்கறப்ப, "இருங்க, நூறு நோட்டு சேரட்டும், பாக்கெட்டாத்தான் தருவேன்"னு உட்கார்ந்து கட்டினா? நினைவகம் துண்டு துண்டா கிடக்கறப்ப, 2 எம்பி ஒரே கட்டா வேணும்னு, கேட்ட வேலையை நிறுத்தி வச்சுட்டு கெர்னல் பக்கங்களை நகர்த்தி அடுக்குச்சு. கூட்டம் அதிகமான நாள்ல துண்டும் அதிகம், அடுக்கறதும் அதிகம். மாஷிமா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இன்னொண்ணு. பாக்கெட்ல ஒரு நோட்டை மாத்தணும்னா அப்பல்லாம் முழுப் பாக்கெட்டையும் நகல் எடுக்க வேண்டியிருந்தது. ரெடிஸ்காரங்க இதை அணைச்சு வைங்கன்னு சொல்றது இதனாலதான். ஆரக்கிள் வேற மாதிரி சொல்லுது: தானா வர்றது வேண்டாம், ஒதுக்கி வைக்கற ஹியூஜ் பேஜையே வைங்க. அது நம்ம சி.ஆர்.ஆர். மாதிரி. வட்டி வராது, வேற எதுக்கும் தொட முடியாது. ஆனா தேவைப்படறப்ப இருக்குமான்னு சந்தேகமே கிடையாது.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "அப்ப நெவர்னு போட்டு அணைச்சுடுங்க, ஆளை விடுங்க." இவங்க மேல எனக்கு இன்னும் கோபம். எவனோ 2012-ல எழுதின குறிப்பை வெட்டி ஒட்டறதுக்கு எதுக்கு ஒரு கன்சல்டன்ட்? கேட்டவங்களைத் தவிர வேற யாரையும் நிறுத்தி வச்சு அடுக்காதேன்னு 2016-ல 4.6 பதிப்புலயே டிஃபால்ட்டை மாத்திட்டாங்க. தப்பைத் தெரிஞ்சு திருத்தினவங்களுக்கு ஒரு சலாம். இத்தனை வருஷமா அணைங்கன்னு சொன்ன மாங்கோடிபி, 2024-ல வந்த 8.0-க்கு இப்ப ஆன் பண்ணுங்கன்னு சொல்லுது. ஹோஸ்ட்ல கண்ணை மூடிக்கிட்டு அணைச்சா அந்த 24 படியை நீங்களே கூலி குடுத்து ஏறறீங்க.

எதிர்ப் பக்கமும் நியாயம் பேசுது. "ஆயிரக்கணக்கான மெஷினுக்கு ஒவ்வொண்ணா உட்கார்ந்து யாரு முடிவு பண்றது? டிஃபால்ட்னு ஒண்ணு வேணாமா?" வேணும் ஸார். எங்களுக்கும் மாதிரிப் படிவம் உண்டு. ஆனா அந்தப் படிவத்துல யாரோட கையெழுத்தாவது இருக்கும்.

ஏன்னா பெரிய பக்கத்துக்குச் செலவும் உண்டு. ஒரே பெட்டியில நிறைய கெஸ்ட்டை அடைக்கறதுக்கு கே.எஸ்.எம்.னு ஒரு வழி, ஒரே மாதிரி பக்கங்களை ஒண்ணாக்கிடும். அது வேலை செய்யறது 4 கேபியில. பெரிய பக்கத்தை உடைச்சாத்தான் முடியும். ஓடிக்கிட்டு இருக்கற மெஷினை வேற ஹோஸ்ட்டுக்கு மாத்தறப்பவும், எது மாறினதுன்னு குறிக்கறதுக்கு கே.வி.எம். பெரிய மேப்பிங்கைச் சின்னதா உடைச்சுக்கும். 2019 நவம்பர்ல இன்டெல் ப்ராசஸர் பிழை ஒண்ணு வெளிவந்தது: கெட்ட எண்ணம் உள்ள ஒரு கெஸ்ட், பெரிய பக்கத்தை வச்சே ஹோஸ்ட்டை முடக்கிடலாம். அதுக்கும் மருந்து, நிரல் ஓடற பக்கத்தை உடைக்கறதுதான். வேகமா, இடமா, பாதுகாப்பா? இது எஞ்சினியரிங் மட்டும் இல்லை, கடன் குடுக்கற மாதிரி ரிஸ்க் முடிவு. ரிஸ்க்னு வந்தா யாரு எடுத்தாங்கன்னு ஃபைல்ல இருக்கணும்.

டிரான்ஸ்பரன்ட்! எங்க பாஷையில இந்த வார்த்தைக்கு, எல்லாத்தையும் வாடிக்கையாளர் கண்ணுல காட்டுன்னு அர்த்தம். வட்டி விகிதத்தை போர்டுல எழுதி மாட்டறோம். அவங்க பாஷையில, உனக்குத் தெரியாமலே நடக்கும்னு அர்த்தம். நிரல் எழுதறவனுக்கு இது வசதி, ஒத்துக்கறேன். அவனுக்குத் தெரிய வேண்டாம்தான். ஆனா சர்வரை ஏத்துக்கிட்டுக் கையெழுத்து போடறவனுக்கும் தெரிய வேண்டாம்னு யாரு சொன்னது?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. அந்தச் சின்னக் கோப்புல ஆல்வேஸ், எம்அட்வைஸ், நெவர்னு மூணு வார்த்தை இருக்கும். எதைச் சுத்தி சதுர அடைப்புக்குறி இருக்கோ அதுதான் நடப்பு. ஏத்துக்கற ஃபைல்ல மூணு வரி எழுதுங்க. ஹோஸ்ட்ல அடைப்புக்குறி எதுல இருக்கு? கெஸ்ட்ல எதுல இருக்கு? யாரு, எந்தச் சோதனையைப் பார்த்து முடிவு பண்ணினாங்க? என்னைக் கேட்டா, கலந்து கட்டி எல்லாம் ஓடற கெஸ்ட்ல எம்அட்வைஸ், அதாவது கேட்டவனுக்கு மட்டும். டேட்டாபேஸுக்கு ஒதுக்கி வச்சது. ஹோஸ்ட்ல பெரிய பக்கம், ஆனா அளந்து பார்த்துட்டு. உங்க அளவு வேற சொன்னா அதையே எழுதுங்க, பரவாயில்லை. யாரும் பண்ணலைன்னு மட்டும் எழுதாதீங்க. ஒரு நூறு ரூபா வவுச்சருக்கு ரெண்டு கையெழுத்து கேக்கற ஊரு சாமி இது.

அன்னிக்கு ராத்திரி அந்தப் பையன் மேலிடத்துல கேட்டு மாத்தினான். அடுத்த ஒண்ணாம் தேதி திரை உறையலை. மாஷிமா வந்தாங்க, பாஸ்புக்கை நீட்டினாங்க, ரெண்டு நிமிஷத்துல பணம் கைக்கு வந்துடுச்சு. "லிங்க் வந்துடுச்சா?"ன்னு சிரிச்சாங்க. நானும் தலையாட்டினேன்.

லிங்க் ஒருநாளும் போகவே இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. மூணு மாசம் அவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன், பொய்னு தெரியாமலே.